அரைத்திருகின் கைகள்

செத்துப்போன மனிதரை மயானத்துக்கு அனுப்ப ஒரு டாக்டரின் கையெழுத்து போதும். அவருடைய ரிமோட் காரை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் ஒரு பேரவையே கூட வேண்டியிருந்தது.

மெத்தைக் கடைக்காரருக்கு இது முதலில் தெரியாது. ரிமோட் கார் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன், தலை நரைத்த பிறகும் அதைக் கட்டிக்கொண்டு அழுதார் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த பழைய கிடங்கு ஒன்றுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே கம்பளம் விரித்த ஓடுபாதையில், செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிற கார்களை, பெரிய பெரிய மனிதர்கள் மேடையில் வரிசையாக நின்று ஓட்டுவார்கள். ஓட்டுவது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் காரை மேசையில் மல்லாத்திப் போட்டு ஸ்பிரிங்கை மாற்றுவது, சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளப்பது, அதிர்வைத் தாங்கும் ஷாக்குக்குள் எண்ணெய் ஊற்றுவது, பிடிக்காமல் அதைக் கொட்டிவிட்டு வேறு எண்ணெய் ஊற்றுவது. வளைவில் வண்டி வழுக்குகிறது என்று யார் வந்து புலம்பினாலும் மச்சான் ஒரே வைத்தியம்தான் சொல்வார்: "எதையும் கழட்டாத. அந்த ஸ்குரூவ அரைத் திருகு திருகு, போதும்." அங்கே அவருக்கு அரைத்திருகு என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்த அன்று மச்சான் தங்கைக்குப் போன் செய்தார். "அடுத்த வாரம் ஃபைனல்மா. ஒரு தடவையாவது வந்து பாரேன்." அவள், "பொம்மைக் கார் பாக்க எனக்கு எங்கண்ணா நேரம்?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். அவர் அன்றைக்குப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு வளர்த்த மனிதர். அந்தச் சிரிப்பு அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

காரியமெல்லாம் முடிந்து ஓரிரு மாதம் போன பிறகு அவள் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க, அண்ணனோட கார் அங்கதான் இருக்கு. போய்க் கொண்டாந்துடுங்க. கடைசியா அவன் கை பட்டது அதுலதான். வேற எவனாவது எதையாவது திருகிடப்போறான். அப்படியே, அவன் வெச்சது வெச்சபடி வேணும் எனக்கு."

இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்துக்கொண்டு மெத்தைக் கடைக்காரர் கிளம்பினார். ஒரு துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கிடங்கின் மாடியில் தொலைவிசை வண்டிப் பந்தயப் பேரவையின் அலுவலகம் இருந்தது. செயலாளர் அவரை உட்காரச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடியாது என்றார்.

"வண்டி காப்பறையில இருக்கு சார். தகுதிச் சுற்று முடிஞ்சதும் எல்லா வண்டியையும் உள்ள வெச்சுப் பூட்டிடுவோம். ஃபைனல் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இல்லன்னா ராத்திரியோட ராத்திரியா ஸ்பிரிங்க மாத்திடுவானுங்க. அப்புறம் ஃபைனல் முடிஞ்சதும் ஓட்டுனர் தன் சொந்தக் கையாலதான் வெளிய எடுக்கணும். அதுதான் விதி."

"ஓட்டுனர் இறந்துட்டாருங்க."

"அது அவருக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம். எங்களப் பொறுத்தவரைக்கும் அவர் முதல் இடத்துல இருக்காரு."

"சரிங்க, ஃபைனல் எப்போ?"

"அவர் வந்ததும்."

மெத்தைக் கடைக்காரர் செயலாளரின் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி செய்வதாகத் தெரியவில்லை. முதல் இடத்தில் தகுதி பெற்றவர் மேடை ஏறாமல் இறுதிச் சுற்றைத் தொடங்கக்கூடாது என்று ஒரு விதி இருந்ததாம். ஒரு காலத்தில் தலைவரின் மகன் முதல் இடம் பிடித்துவிட்டு, பல்வலி என்று வராமல் போனபோது அவசரமாகச் சேர்த்த விதி. வராதவரை ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை தடவை என்று எழுத மறந்துவிட்டார்கள்.

அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே கீழே ஒலிபெருக்கி கரகரத்தது. "அரைத்திருகு அவர்கள் மேடைக்கு வரவும். அரைத்திருகு அவர்கள் மேடைக்கு வரவும்."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மேசைகளில் குனிந்திருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்து வாசலைப் பார்த்தன. சார்ஜர்களின் ரீங்காரம் மட்டும் கேட்டது. வாசலில் வெயில்தான் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோரும் மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஓடுபாதையைப் பார்த்தபடி இருந்த மேடையில் ஓரமாக முதல் ஆளின் இடம் காலியாக இருந்தது. பயிற்சிக்கு ஏறுகிறவர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் தெரியாமல் அதில் கால் வைத்துவிட்டு, யாரையோ இடித்துவிட்டவர்போல "மன்னிச்சுக்கங்க" என்றார். மெத்தைக் கடைக்காரர் துணிப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான், பூசாரியைத் தாண்டிச் சாமியிடமே போவோம் என்று அவர் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்.

"உங்க மச்சான் மாதிரி உறுப்பினர் கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும் சார். உயிரோட இருந்தப்போ கொஞ்சம் முரடு. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்னு கேள்வி கேப்பாரு. ஏன் உங்க மகனுக்கு மட்டும் தனி அளவுகோல், அப்படி இப்படின்னு. இப்பதான் ஒரு பக்குவம் வந்திருக்கு. எந்தத் தீர்மானம் கொண்டாந்தாலும் மறுப்பே சொல்றதில்ல. அதனால போன மாசம் அவர ஒழுங்குக் குழுவுக்குத் தலைவராப் போட்டுட்டோம். ஏகமனதா. இந்தப் பேரவையில எல்லாரும் அவர் மாதிரி ஆகணும்ங்கிறதுதான் என் கனவு."

"எனக்கு அந்த வண்டி மட்டும் கிடைச்சாப் போதும் ஐயா. என் வீட்டுக்காரி அழுதுகிட்டே இருக்கா."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "வழி இருக்கு. அவர் வரலேன்னா என்ன, அவர் கை வந்தாப் போதுமே?"

பேரவையின் பொதுக்கூட்டம் கூடியது. 'மறைந்த உறுப்பினரின் நெருங்கிய உறவினராகிய மெத்தைக் கடைக்காரரின் இரண்டு கைகளும், இறுதிச் சுற்று முடியும் வரை, மறைந்த உறுப்பினரின் கைகளாகவே கருதப்படும்' என்று ஒரு தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டார்கள். மச்சானுக்கென்று போட்டிருந்த காலி நாற்காலியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உடனே, வண்டிகளின் அளவு சரிபார்க்கும் ஆள் ஒருவர் எழுந்து வந்தார். ஒட்டடைக்குச்சி போல் ஒல்லியானவர், மில்லிமீட்டர் என்று பெயர். காப்பறையில் இருக்கிற வண்டிகளில் மாட்டும் அதே பிளாஸ்டிக் முத்திரை வளையங்களை எடுத்து, மெத்தைக் கடைக்காரரின் மணிக்கட்டுக்கு ஒன்றாக மாட்டி, நறுக்கென்று இழுத்து இறுக்கினார்.

"இனிமே இதுவும் காப்பறைச் சொத்து. ஃபைனல் வரைக்கும் எந்தக் கருவியையும் தொடக்கூடாது" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கடையில் கத்தரிக்கோலைத் தொட்டால், காவலுக்குக் கூடவே வந்து உட்கார்ந்திருந்த செயற்குழு உறுப்பினர் தொண்டையைச் செருமினார். மெத்தை வாங்க வந்தவர்கள் தாங்களே உறையைக் கிழித்து, தாங்களே அமுக்கிப் பார்த்து, தாங்களே தூக்கிக்கொண்டு போனார்கள். கிடங்கில் டீ விற்பவர் டம்ளரைக் கொடுக்காமல் யோசித்தார். "உங்களுக்குத்தான் சார் குடுக்கணும், கை அவரோடதாச்சே. அவர் டீ குடிக்கமாட்டாரே, காபிதானே." கடைசியில் காபி வந்தது. மெத்தைக் கடைக்காரருக்குக் காபி பிடிக்காது. குடித்தார்.

வீட்டில் அந்த வளையங்களைப் பார்த்ததும் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். "இது என்னங்க கூத்து, கை விலங்கு மாதிரி?" அவர் விவரத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. பிறகு சாப்பாடு போடும்போது அவள் தண்ணீர் டம்ளரைத் தட்டுக்கு இடது பக்கம் வைத்தாள். மச்சான் இடதுகைக்காரர். அவள் அதைத் தெரிந்து வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா என்று அவர் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு இடது கையால் எடுத்துக் குடித்துவிட்டார் என்பது டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

இறுதிச் சுற்று நாளும் வந்தது. காப்பறைக் கதவைத் திறந்து, வண்டியைத் தட்டில் வைத்து, துணி போர்த்தி எடுத்து வந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மில்லிமீட்டர் அதைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, அடியில் அளவுக் கட்டையை நுழைத்தார். கட்டை நுழையவில்லை. இத்தனை மாதம் சும்மாவே நின்றதில் ஷாக்கில் எண்ணெய் கசிந்து, வண்டி வயிறு தாழ்ந்து உட்கார்ந்துவிட்டது. மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் மயிரிழைக்காகவே பிறந்தவரல்லவா மில்லிமீட்டர்.

"அளவுல இல்லாத வண்டி பாதையில இறங்கக்கூடாது" என்றார்.

"அப்ப அளவைச் சரி பண்ணிடலாமே?" என்றார் ஓர் உறுப்பினர்.

"அளவுல தேறாத வண்டியக் காப்பறையிலேர்ந்து விடுவிக்கக்கூடாது. விடுவிக்காத வண்டியத் தொடக்கூடாது."

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தலைவர் கையை உயர்த்தினார். "இப்படி ஒரு சிக்கல் வரும்னு தெரிஞ்சுதான் முன்னோர்கள் ஒழுங்குக் குழுன்னு ஒண்ணு வெச்சாங்க. குழுத் தலைவர் அனுமதி குடுத்தாத் தொடலாம். குழுத் தலைவர் யாரு? அவரேதான். அவர்கிட்டயே கேட்டுருவோம்." காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, உங்க வண்டிய மொத்தமா அவிழ்த்து, பேரவையோட பொது அளவுக்கு மாத்திடலாமா? மறுப்பிருந்தாச் சொல்லுங்க."

மேலே தகரக் கூரை வெயிலில் எங்கோ படக்கென்று சத்தம் போட்டது. "சம்மதிச்சுட்டார்" என்றார் தலைவர்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று மெத்தைக் கடைக்காரர் கத்தினார். "உயரத்த மட்டும்தானே ஏத்தணும்? மத்ததெல்லாம் அவர் வெச்சபடியே இருக்கட்டுங்க. அதுக்காகத்தானே நான் இவ்வளவும் பட்டுட்டு நிக்கிறேன்!"

செயலாளர் அவர் பக்கம் திரும்பி, பொறுமையாக விளக்கினார். "சார், தீர்மானத்த நல்லாப் படிச்சுப் பாருங்க. கை மட்டும்தான் அவரோடது. வாய் உங்களோடது. உங்க வாய்க்கு இங்க அங்கீகாரம் கிடையாது."

மில்லிமீட்டர் குனிந்தார். ஒவ்வொரு திருகாணியாகத் தளர்த்தினார். சக்கரங்களின் சாய்வை நிமிர்த்தினார். ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் கூடையில் எறிந்துவிட்டு வேறு மாட்டினார். ஷாக் எண்ணெயை ஒரு துணியில் கொட்டி, துணியையும் அதே கூடையில் போட்டார். மச்சான் யாரிடமும் சொல்லாமல், பல ஞாயிற்றுக்கிழமைகளாக, அரை அரைத் திருகாகக் கண்டுபிடித்து வைத்ததெல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் காணாமல் போயிற்று. இனி இந்த வண்டி கிடைத்து என்ன, கிடைக்காவிட்டால் என்ன? மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? நடுக்கிடங்கில் நின்றுகொண்டு மெத்தைக் கடைக்காரர் அழுதார். கண்ணைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. காப்பறைச் சொத்தாயிற்றே.

"பொது அளவுக்கு வந்தாச்சு. விடுவிக்கிறோம்" என்று மில்லிமீட்டர் அறிவித்தார். "ஓட்டுனர் விரும்பினா, விதிக்கு உட்பட்டு, இப்பத் தன் கையாலத் திருத்திக்கலாம்." வழக்கமாகச் சொல்கிற வாசகம் அது. சொல்லிவிட்டு ஸ்குரூடிரைவரை மேசையில் வைத்தார்.

இதற்கு அப்புறம் நடந்ததை மெத்தைக் கடைக்காரர் வேடிக்கை பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சுவரில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாத மனிதர். கடையில் பெயர்ப்பலகை இன்னும் கோணலாகத்தான் தொங்குகிறது. அப்படிப்பட்டவருடைய இடது கை போய் ஸ்குரூடிரைவரை எடுத்தது. வலது கை வண்டியை மல்லாத்திப் பிடித்தது. கூடையிலிருந்து பழைய ஸ்பிரிங்குகளைத் தேடி எடுத்து மாட்டியது. எண்ணெய்ப் புட்டிகளில் ஒன்றை ஒதுக்கி ஒன்றை எடுத்தது. முன் சக்கரத்துக்கு அரைத் திருகு. பின்னால் அரைத் திருகு. யோசித்து, பாதியைத் திரும்பப் பெற்றது. யார் யோசித்தார்கள் என்று அவரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவர் அந்த நேரத்தில் ஓடிப்போகலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் பேயறைந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மில்லிமீட்டர் அளவுக் கட்டையை நுழைத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவர் கட்டையை எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

"அரைத்திருகு அவர்கள் மேடைக்கு வரவும்" என்றது ஒலிபெருக்கி. இந்தத் தடவை யாரும் வாசலைப் பார்க்கவில்லை.

பந்தயம் எப்படி நடந்தது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. மற்ற ஓட்டுனர்கள் பயத்தில் வழிவிட்டார்கள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நாங்கள் விடவில்லை, எங்களால் முந்த முடியவில்லை என்று அந்த ஓட்டுனர்களே சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலிபெருக்கி "அரைத்திருகு, அரைத்திருகு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மேடையின் முதல் இடத்தில் நின்ற மெத்தைக் கடைக்காரர் பாதி நேரம் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அதைப் பக்கத்தில் நின்றவர் பார்த்திருக்கிறார். கண்ணை மூடினாலும் விரல் ரிமோட்டின் விசையை இழுப்பதும் விடுவதும் நிற்கவில்லை. வண்டி சுவரில் ஒரு தடவைகூட உரசாமல் வந்து நின்றது.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"மகிழ்ச்சியான அறிவிப்பு! வெற்றிபெற்ற வண்டி, மரபுப்படி, அடுத்த பருவம் வரைக்கும் பேரவையின் காப்பறையிலேயே வைக்கப்படும். கைகளும் அப்படியே. இப்படி ஒரு வாயில்லாத வெற்றியாளர் கிடைச்சது நம்ம பேரவைக்குப் பெரிய பாக்கியம். இனி ஒவ்வொரு வருஷமும் இவரே ஜெயிக்கட்டும், நாம நிம்மதியா இருப்போம். வாங்க, கை குடுங்க!"

மெத்தைக் கடைக்காரர் மரியாதைக்கு வலது கையை நீட்டத்தான் நினைத்தார். இடது கை எழுந்து தலைவரின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. கிடங்கு முழுக்க எதிரொலித்தது.

முதலில் அசைந்தவர் செயலாளர். "இதுக்கு நடவடிக்கை எடுத்தே ஆகணும்!" என்றார். யார்மேல் என்று கேட்டார்கள். மெத்தைக் கடைக்காரர்மேல் எடுக்க முடியாது. கை அவருடையதல்ல என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டாகிவிட்டது. அரைத்திருகுமேல் எடுக்கலாம், ஆனால் எடுக்க வேண்டியது ஒழுங்குக் குழு, அதற்குத் தலைவர் அவரேதான். தலைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்தார். முதல்முறையாக அவருக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னாலிருந்து யாரோ, "ரொம்ப நாளா அடிக்கணும்னு இருந்தாரு, பாவம்" என்று முணுமுணுத்தார்.

அந்தச் சந்தடியில் கைகள் வண்டியை எடுத்துத் துணிப்பையில் வைத்தன. மில்லிமீட்டர் வாசலில் குறுக்கே நின்றார். மெத்தைக் கடைக்காரர் பயந்துகொண்டே சொன்னார், "ஃபைனல் முடிஞ்சதும் ஓட்டுனர் தன் சொந்தக் கையால வெளிய எடுக்கணும்னு உங்க செயலாளர்தாங்க சொன்னாரு." மில்லிமீட்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது. கொஞ்சம் ஒதுங்கி, யாருக்கோ செய்கிற மாதிரி தலையைத் தாழ்த்தி, வழிவிட்டார்.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டியை வாங்கி மேசைமேல் வைத்து, குனிந்து, எந்தத் திருகாணியையும் தொடாமல் பார்த்தாள்.

"யாராவது எதையாவது திருகினாங்களா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். முடியவில்லை. "எல்லாத்தையும் அவிழ்த்துட்டானுங்கம்மா. ஒண்ணு விடாம. என்னால தடுக்க முடியல."

அவள் கண்கள் நிறைந்தன. "அப்புறம்?"

"அப்புறம் திரும்ப வெச்சாச்சு."

"யார் வெச்சது?"

அவர் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். விரல் இடுக்குகளில் எண்ணெய்க் கறை இருந்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்து வந்து, இடது மணிக்கட்டு வளையத்துக்குள் ஒரு முனையை நுழைத்தாள். வெட்டவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுங்க" என்றாள். "நாளைக்கு வெட்டிக்கலாம்."

கை அவள் கூந்தலை மெதுவாக வாரி, மூன்றாகப் பிரித்தது. மெத்தைக் கடைக்காரருக்குப் பின்னல் போடத் தெரியாது. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளட்டும் என்று அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.